ஓனருடைய பல்செட்டுக்கு ஒரு வெளிச்சப் பெட்டி

என் தங்கை புருஷன் பல்செட் செய்கிறவர். அளவெடுக்கும் டாக்டரை ஊருக்கே தெரியும். பின்னறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாய் இழைக்கிறவரை யாருக்குத் தெரியும்? நன்றாகச் செய்துவிட்டால் அது கட்டிய பல் என்றே தெரியாது. "என் தொழில்ல பேரு வாங்கணும்னா மோசமா செய்யணும் மச்சான்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் அவர் மனசுக்குள் அது அரித்துக்கொண்டே இருந்தது.

அன்று அவர் செய்ததிலேயே அழகான செட் ஒன்று முடிந்திருந்தது. முன்பல் ஒன்றைக் கொஞ்சம் சாய்த்து, அசல் பல் போலவே வைத்திருந்தார். அது அவர்கள் குடியிருக்கும் வீட்டு ஓனருடையது. எதிலும் குறை கண்டுபிடிக்கிற மனிதர். சாயங்காலம் அவர் வாய்க்குள் போய்விட்டால் அப்புறம் யார் பார்ப்பது? அதற்குள் ஒரு நல்ல படம் எடுத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார் மாப்பிள்ளை.

மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கமும் சன்னல்போல வெட்டி, பட்டர் பேப்பர் ஒட்டினார். உள்ளே வெள்ளை சார்ட்டை மடிப்பு விழாமல் வளைத்து வைத்தார். வெளியே பக்கத்துக்கொரு மேசை விளக்கு. வெளிச்சம் நேராக அடித்தால் பல் பளபளத்துக் கண் கூசுமாம். காகிதம் வழியாக வந்தால் வெளிச்சம் மெத்தென்று விழுமாம். போனைக் கிட்டே பிடித்து எடுத்தார்.

படத்தில் ஈறு மட்டும்தான் இருந்தது. வெள்ளைமேல் வெள்ளை, பல்லைக் காணோம்!

"என்ன மாப்ளே, எலி தூக்கிட்டுப் போயிருச்சா?" என்றேன். முறைத்தார். நாள் முழுக்கப் பல்லின் நிறம் பார்க்கிறவருக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

தங்கை எட்டிப் பார்த்தாள். "வாய்க்குள்ள இருட்டாத்தானே இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, கிழிந்த குடையிலிருந்து கறுப்புத் துணியை வெட்டிவந்து விரித்தாள். அடுத்த படத்தில், பல்லில் அவர் இழைத்த மெல்லிய கோடுகள்கூடத் தெரிந்தன. எனக்குக் கேலி மறந்துபோய்விட்டது. இத்தனை வருஷமாக இந்த மனிதர் இதையா செய்துகொண்டிருந்தார்?

படத்தைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினோம். அடுத்த வாரம், குழாய் ஒழுகுவதைப் பார்க்க ஓனர் வந்தார். படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. அவர் வாயில் அதே பல்.

"யாரு பல்லுங்க இது? சொந்தப் பல்லா?"

நான் வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளை என் காலை மிதித்தார். "ஏன் சார், நல்லா இருக்கா?"

"நல்லாவா! எனக்கும் இந்த மாதிரி செஞ்சு குடுத்திருக்கலாமே!" என்று குறைபட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார்.

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

"சொந்தப் பல்லான்னு கேட்டுட்டாரு மச்சான்," என்றார். சாப்பிடும்போது இன்னொரு தடவை சொன்னார்.