அவருக்குப் பிடித்த ஒரே படம்

மலையகத்தில், டயகம போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகளில் தேயிலைக் கறை. பஸ் டிவியில் கதாநாயகி பாடிக்கொண்டே கொழுந்து பறித்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தார்.

“முத்தின எலையப் பறிக்குது. கங்காணி ஏசுவாரு.”

பேய்ப் படங்களும் அவருக்கு ஆகாது. “பேயிங்க தேயிலைக்குள்ள சேல கிழியாம நடக்குதுங்க.” சண்டைப் படம்? “அத்தன செடிய ஒடச்சாங்க, ஒருத்தரும் கேக்கலயே.”

“பிடிச்ச படமே இல்லையா?” என்றேன்.

“ஒண்ணு இருக்குங்க, மீன் புடிக்கிறவங்க படம்” என்று பெயரைச் சொன்னார். “அதுல எல்லாமே சரியா இருந்துச்சு. நான் கடலப் பாத்ததே இல்ல.”

நான் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். அந்தப் படத்தில் வலை இழுத்த லட்சணத்தைப் பொறுக்க முடியாமல் பாதியில் எழுந்து வந்தவன்.

“நல்ல படம்தான்” என்றேன்.