தூக்கத்துக்காகச் சாத்திய ஜன்னல்

பிள்ளைப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தகரக் கூரை மாடி அறையின் ஜன்னல் ஒன்றரை வருடம் திறக்கப்படவே இல்லை. பாசம்தான் காரணம் என்றால் சிரிப்பீர்கள். மூன்று வயது மகளை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொள்ள, நானும் மனைவியும் கேட்டு வாங்கியது எதிரெதிர் ஷிஃப்ட். பகலில் நான் தூங்கினால் வெளிச்சம் படக்கூடாது என்று அவள் ஜன்னலைச் சாத்தியே வைப்பாள். அவள் தூங்கினால் நானும் சாத்தியே வைப்பேன். போதாததற்கு, கம்பெனி ஸ்கிராப்பில் கிடந்த பேக்கிங் ஃபோமை இடுக்கெல்லாம் திணித்து டேப் ஒட்டினேன். அதில் எனக்குப் பெருமை வேறு. சோறு பொங்குவதும் உள்ளேதான், துவைத்த யூனிஃபார்ம் காய்வதும் உள்ளேதான்.

மழைக்காலத்தில் மகளுக்கு இளைப்பு வந்தது. "வீட்டில் ஈரம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். மழை ஒரு சொட்டுக்கூட உள்ளே வராது என்று அடித்துச் சொன்னேன். மருந்துக்கும் கேட்காமல் போகவே, அவளைத் தென்காசியில் மாமியாரிடம் விடுவதென்று முடிவானது. துணி வைக்கும் பை பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. எடுக்க பீரோவை நகர்த்தினேன். சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது.

வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "இன்னாப்பா இது! ஈரத் துணிய உள்ளயே போட்டுக்கினு ஜன்னலயும் அடச்சிட்டா, அந்த ஆவி எங்க போவும்?"

"ஒங்க தூக்கத்துக்காகத்தானங்க சாத்துனேன்" என்று மனைவி அழுதாள். நானும் அதையே சொல்ல வாயெடுத்தவன், போய் ஜன்னல் டேப்பை உரித்தேன்.

ஃபோமைப் பிய்த்தோம். சுவரைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் காயவிட்டோம். பீரோ சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நின்றது, துணிக்கொடி வெளியே போனது. விடியலில் தகரக் கூரையின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். வீட்டுக்கார அம்மா சொன்னபடி அதன் மேல் தென்னங்கீற்றைப் பரப்பியதும் அதுவும் நின்றது. தென்காசிப் பயணத்தைத் தள்ளிப்போட்டாலும், கட்டிய பை மட்டும் பதினைந்து நாள் வாசலோரமே இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மகளின் நெஞ்சில் விசில் சத்தம் ஓய்ந்த பிறகுதான் பையைப் பிரித்தோம்.

மறுநாள் மதியம், முகத்தில் வெயிலோடு புரண்டு படுத்தேன். மகள் முக்காலியில் ஏறி, எட்டி எட்டி ஜன்னல் கதவை இழுத்துக்கொண்டிருந்தாள். "அப்பா தூங்கு" என்றாள், எங்களைப் போலவே கிசுகிசுப்பாக.

"வேண்டாம் தாயி, அப்பாவுக்கு வெளிச்சத்துலதான் தூக்கம் வரும்" என்று பொய் சொல்லிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.