வெய்யோ நூத்தினென் கோட்டை பார்த்த நாள்

பின்லாந்தின் கேரவாவில் எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிற வெய்யோ நூத்தினெனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை. கடலுக்கு அக்கரையில், எஸ்தோனியாவில் இருக்கிற தாலினுக்கு இருபத்தேழு முறை போய்வந்தவர் என்று கட்டடம் முழுக்கப் பெயர். பெயரில் பொய் எதுவும் இல்லை. ஹெல்சிங்கியில் காலைக் கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் தாலின். ஒருநாள் சீட்டு மலிவு. இறங்கினால் துறைமுக வாசலிலேயே, எங்கள் ஊரைவிட மலிவான பியர்க் கடை. பெட்டிகளைக் கைவண்டியில் அடுக்கிக் கட்டிக்கொண்டு மாலைக் கப்பலில் திரும்பிவிடுவார். ஆக, இருபத்தேழு பயணங்களிலும் அவர் பார்த்த தாலின் என்பது துறைமுகத்துக்கும் கடைக்கும் இடையே உள்ள முந்நூறு மீட்டர்தான். இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

கேட்டது அவருடைய மனைவி இர்யாவின் அக்கா சிர்க்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி மேசையில்.

"வெய்யோ, நீதான் தாலின்ல பாதி ஊர்க்காரன் ஆச்சே. அங்க இருக்கிற கோட்டை என்ன நிறம்ப்பா?"

வெய்யோ ஏலக்காய் பன்னை மென்றபடி யோசித்தார். கோட்டை என்றால் கல். கல் என்றால்...

"சாம்பல் நிறம்."

"ரோஜா நிறம்!" சிர்க்கா மேசையைத் தட்டினார். "பிறந்தநாள் கேக்கு மாதிரி இருக்கும்! இர்யா, இவரு அங்க ஊரையே பாத்ததில்லடீ!"

எங்கள் ஊரில் பேச்சு நின்றுபோவது சாதாரணம். அன்று நின்றது வேறு மாதிரி. இர்யா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"சனிக்கிழமை போ. அந்தக் கோட்டையப் பாத்துட்டு வா. பாக்காம வந்தே, உன் வண்டி பழைய சாமான் சந்தைக்குப் போயிரும். சொல்லிட்டேன்."

அந்த வண்டி கடையில் வாங்கியது அல்ல. மகளின் குழந்தை வண்டிச் சக்கரத்தைப் பூட்டி, வெய்யோ தானே பற்றவைத்துச் செய்தது. ஆறு பெட்டி தாங்கும். வாழ்க்கையில் அவர் உருவாக்கியவற்றுள் எதிர்த்துப் பேசாத ஒன்று அதுதான்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார். வண்டியை எடுத்துப் போவதில்லை என்பது திட்டம். ஆனால் கதவைப் பூட்டும்போது இருபத்தேழு பயணம் பழகிய கை தானாக அதைப் பிடித்துக்கொண்டது. ரயில் பாதி தூரம் போன பிறகுதான் கைப்பிடி கையில் இருப்பது தெரிந்தது.

கப்பலில் பழைய கூட்டாளி தைஸ்தோ பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு எதுவும் வாங்க மாட்டியா? பின்ன வண்டி எதுக்குடா, கோட்டைய ஏத்திக்கிட்டு வரவா?"

"இன்னிக்கு நான் ஓய்வா ஊர் சுத்தப்போறேன்" என்றார் வெய்யோ, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மூஞ்சியப் பாத்தா ஓய்வெடுக்கப் போறவன் மாதிரி தெரியலையே. பல்லு பிடுங்கப் போறவன் மாதிரி இருக்கு."

வெய்யோ தள்ளிப்போய் உட்கார்ந்தார். கப்பல் உணவகப் பக்கமே திரும்பவில்லை. பையில் கம்பு ரொட்டி, பாலாடைக்கட்டி, இரண்டு அவித்த முட்டை, பிளாஸ்க்கில் காபி. சீட்டுக்கு மேல் ஒரு காசு செலவில்லாமல் ஓய்வெடுத்துத் தீருவது என்று வைராக்கியம்.

துறைமுகக் கடை வந்தது. உள்ளே போகும் கூட்டத்திலிருந்து ஒரு மனிதர், காலி வண்டியோடு, நேராக நடந்து கடந்துபோனார். தைஸ்தோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்த்து நின்றதாகச் சொல்கிறார்.

பழைய நகரத்தின் கல் பாவிய தெருவில் வண்டி போட்ட சத்தத்துக்குப் புறாக்கள் மாடிக்குப் பறந்தன. பூக்காரப் பெண்மணி ஒருவரிடம் வெய்யோ தன் தாய்மொழியிலேயே கோட்டைக்கு வழி கேட்டார். எஸ்தோனியர்களின் பேச்சு எங்கள் பேச்சுக்குச் சித்தப்பா மகள் என்பதால் நாங்கள் யாரும் அங்கே வேறு மொழி பேச மெனக்கெடுவதில்லை.

"லின்னா எங்க இருக்கு?"

"லின்னாவா?" அவர் சுற்றிலும் கை காட்டினார். "இதுதான். அதுலதான் நிக்கிறீங்க."

வெய்யோ சுற்றிலும் பார்த்தார். ரோஜா நிறத்தில் பூக்கள் மட்டும் இருந்தன. மேட்டுத் தெரு ஒன்றில் பாதி ஏறி, நாயோடு வந்த ஒருவரிடம் கேட்டார். அவர் மரியாதையாகத் திருப்பிவிட்டார்: "லின்னாவா? தப்பா ஏறிட்டீங்க. கீழ போங்க." கீழே போனார். அங்கே இன்னொருவர் சதுக்கத்துக்கு அனுப்பினார். சதுக்கத்தைச் சுற்றி மூன்றாம் முறை வண்டி உருண்டபோது, அதே பூக்காரப் பெண்மணி எழுந்து வந்தார்.

"அண்ணே, நீங்க எதைத்தான் தேடுறீங்க?"

"லின்னா! ராஜா இருப்பாரே! சுவரு, கோபுரம்!"

அந்தப் பெண்மணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது உங்க ஊருல கோட்டை. எங்க ஊருல லின்னான்னா ஊருக்குள்ளன்னு அர்த்தம். நீங்க ஊருக்குள்ளயே நின்னுக்கிட்டு ஊருக்கு வழி கேட்டா, யாரு என்ன பண்ணுவா?" பிறகு வண்டியைப் பார்த்தார். "இந்தப் படியெல்லாம் இதோட ஏற முடியாது. குளத்தோரப் பூங்கா வழியா சுத்திப் போங்க. பின்பக்கமா போய்ச் சேருவீங்க."

குளத்தோரமாகப் போனார். மரங்கள் விலகின. மேலே பாறை, பாறைமேல் சுவர், சுவரின் ஓரத்தில் உயரமான கோபுரம். எல்லாம் அப்பட்டமான சாம்பல் நிறம்.

வெய்யோ அங்கேயே நின்றுவிட்டார். மொத்தம் நான்கு நிமிடம் என்பது அவரே பிறகு சௌனா என்கிற நீராவிக் குளியலறையில் எங்களிடம் கொடுத்த வாக்குமூலம். நினைத்திருந்தால் அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனால் அவர் நேர்மையானவர். சிர்க்காவும் பொய் சொல்கிறவரல்ல. அதுதான் அவரிடம் உள்ள கஷ்டமே. வண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டு முன்பக்கம் போனார். ரோஜா நிறம். பிறந்தநாள் கேக்கேதான்.

எதிரே வண்டியைப் படுக்கவைத்து அதன்மேல் உட்கார்ந்தார். முட்டையை உரித்தார். காபி ஊற்றினார். கடிகாரத்தைப் பார்த்து, சரியாக அரை மணி நேரம், ஒரு நொடி குறையாமல் ஓய்வெடுத்தார். பிறகு வண்டியைக் கோட்டை முன் நிறுத்திப் போனில் ஒரு படம். பின்பக்கம் கொண்டுபோய் இன்னொரு படம். இரண்டிலும் வண்டி மாப்பிள்ளை மாதிரி நடுவில் நிற்கிறது.

மாலைக் கப்பலிலிருந்து காலி வண்டியோடு இறங்கியவரைப் பார்த்துச் சிலர் பரிதாபப்பட்டு வழிவிட்டார்களாம்.

மறுநாள் காபி மேசை. சிர்க்கா தயாராக உட்கார்ந்திருந்தார்.

"என்ன நிறம்?"

"முன்பக்கம் ரோஜா." வெய்யோ பன்னை ஒரு கடி கடித்தார். "பின்பக்கம் சாம்பல். ஏன், நீ பின்பக்கம் போனதில்லையா?"

போன் கை மாறியது. சிர்க்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். இர்யா எழுந்துபோய், கூடத்தில் கழிவறைப் பக்கம் நின்ற வண்டியை எடுத்து ஜன்னலோரம் வைத்தார். எங்கள் கட்டடத்தில் அதற்குப் பெயர் மன்னிப்பு.

செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் சிர்க்காவைப் பார்த்தேன். சனிக்கிழமைக்குச் சீட்டு வாங்கிவிட்டாராம்.

"சும்மாதான். பின்பக்கத்தை ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாம்னு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த வண்டிய ஒருநாள் குடுப்பாரான்னு கேட்டுச் சொல்றியா?"