அரியலூர் என்று போட்ட சீசன் டிக்கெட்

எங்கள் ஊர் ஸ்டேஷனை ஸ்டேஷன் என்று சொன்னால் அரியலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு பெயர்ப்பலகை, இரண்டு சிமென்ட் பெஞ்சு, ஒரு வேப்பமரம், பஸ் நிழற்குடை அளவுக்கு டிக்கெட் கொடுக்கும் அறை ஒன்று. பிளாட்பாரம் தரையோடு தரையாக இருக்கும், வண்டியின் படி நம் இடுப்புக்கு வரும். ஆனால் காலையில் திருச்சிக்குப் போகும் பாசஞ்சர் அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். சாயங்காலம் திரும்பும்போதும் நிற்கும். அந்த ஒரு நிமிஷத்தை நம்பித்தான் நாங்கள் ஐம்பது அறுபது பேர் திருச்சியில் வேலை பார்த்தோம்.

நான் பிறந்தது பெரம்பலூர் பக்கம் குரும்பலூரில். எங்கள் பக்கம் ரயில் கிடையாது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வரும்வரை நான் ரயிலில் ஏறியதே இல்லை. திருச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் வேலை கிடைத்து, தினம் ஏறி இறங்க ஆரம்பித்தபின், ஒரே வருஷத்தில் ரயிலைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்புதான் வினை.

எதிர் வீட்டுப் பெண்ணும் என்னோடுதான் வருவாள். என்னைவிட எட்டு வயது இளையவள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப் போய்விட்டது. மற்றவர்கள் ஐந்து நிமிஷத்தில் நடக்கும் தூரத்துக்கு அவளுக்குக் கால் மணி நேரம் வேண்டும். ஆனால் மெஷினில் உட்கார்ந்தால் அவளை அடிக்க ஆள் கிடையாது. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பிளவுஸ் தைக்கும் கடையில் வேலை. அவள் சம்பளத்தில்தான் அவளும் அவள் அம்மாவும் சாப்பிட்டார்கள். தினமும் நான் முதலில் வண்டியில் ஏறி, திரும்பிக் கையை நீட்டுவேன். அவள் இடது காலைப் படியில் வைத்து என் கையைப் பிடித்தால், ஒரே இழுப்பில் உள்ளே வந்துவிடுவாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் நான் பதில் சொல்லிக்கொள்வேன். என் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள்.

அந்தச் சின்ன அறையில் டிக்கெட் கொடுத்தவர் ரயில்வே ஆள் இல்லை. கமிஷனுக்கு விற்கும் ஏஜென்ட். ரிட்டயர்டு வாத்தியார் மாதிரி சட்டையை இன் பண்ணிக்கொண்டு, எல்லா பட்டனையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சீசன் டிக்கெட் அவரிடம் கிடையாது. அதற்கு அரியலூருக்குத்தான் போகவேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் எல்லாருடைய பழைய டிக்கெட்டையும் வாங்கிப் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருவார்கள்.

இங்கேதான் என் புத்திசாலித்தனம் நுழைந்தது. எங்கள் ஊரிலிருந்து திருச்சிக்கு எடுத்தாலும், அரியலூரிலிருந்து திருச்சிக்கு எடுத்தாலும் காசில் பெரிய வித்தியாசம் இல்லை. அரியலூர் என்று எடுத்துவிட்டால், சாயங்காலம் நம் வண்டியை விட்டுவிட்டாலும் வேறு வண்டி பிடித்து அரியலூரில் இறங்கிக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடித்தது நான். முதலில் எதிர் வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன்.

"நம்ம ஊரு பேருலயே எடுத்துட்டிருக்கோம், அப்படியே இருக்கட்டுமேக்கா" என்றாள்.

"போடி இவளே. காசு ஒண்ணுதான், ரெண்டு ஸ்டேஷன் கிடைக்குது. வலிக்குதா உனக்கு?" என்றேன்.

அவள் மாற்றிக்கொண்டாள். பெட்டியில் உட்கார்ந்து மற்றவர்களுக்கும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றே மாதத்தில் ஊரே மாறிவிட்டது.

ஏஜென்டுக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஒரு நாள் அறையைவிட்டு வெளியே வந்து சொன்னார். "தங்கச்சி, அரியலூர்ல போயே எடுங்க, வேணாங்கல. ஆனா நம்ம ஊரு பேரச் சொல்லி எடுங்க. இங்கேருந்து ஏறுறாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்ல?"

"எங்களப் பாத்தா தெரியாதாண்ணே? அறுபது பேரு கம்பம் மாதிரி நிக்கிறோம்" என்றேன்.

"நீங்க நிக்கிறது எனக்குத் தெரியும்மா."

"உங்களுக்குக் கமிஷன் குறையுதுன்னு நேராச் சொல்லிட்டுப் போங்கண்ணே, எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். சீசன் டிக்கெட்டில் அவருக்குக் கமிஷனே கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் அதைச் சொல்லவும் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

பஸ் பார்த்து வளர்ந்த புத்தி என்னுடையது. நான் பிறந்த ஊரில் கை காட்டினால் பஸ் நிற்கும். நாலு பேர் கூட்டமாக நின்றால் கண்டக்டர் விசில் அடித்து நிறுத்துவார். நிற்காமல் போனால் மறுநாள் மறித்து நாலு வார்த்தை கேட்கலாம். ரயிலும் ஆளைப் பார்த்துத்தான் நிற்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் பிளாட்பாரத்தில் ஒரு அதிகாரி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு ஃபைல். நல்ல மனிதர்தான், மரியாதையாகப் பேசினார். இந்த ஸ்டேஷனிலிருந்து ஏறுகிறவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர்தான் என்று ரெக்கார்டில் இருக்கிறதாம். நேரில் பார்த்துவிட்டுப் போக வந்தாராம். கூட்டத்தைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம்.

"பாருங்க சார், இதுல யாரு ரெண்டு பேரு, யாரு மூணு பேரு?" என்று நான் முன்னால் போய் நின்றேன்.

"டிக்கெட் காட்டுங்கம்மா" என்றார்.

காட்டினேன். அரியலூர். பக்கத்தில் இருந்தவர் காட்டினார். அரியலூர். எதிர் வீட்டுப் பெண் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். அரியலூர். வரிசையாக எல்லாரும் நீட்டினோம். அந்த மனிதர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசியில் ஃபைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நான் என்னம்மா எழுதறது?" என்று என்னையே கேட்டார். டிக்கெட் அறை ஜன்னலுக்குப் பின்னால் ஏஜென்ட் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். நாங்கள் மாதாமாதம் அரியலூருக்கு ஆள் அனுப்பி வைத்துக்கொண்டோம்.

ஆடி மாதத்தில் வண்டி நிற்பது நின்றது. அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் செய்யவேண்டியதையெல்லாம் செய்தோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். கையெழுத்து வாங்கி அனுப்பினோம். அடுத்த மாதமே எல்லாரும் நம் ஊர்ப் பெயரில் சீசன் எடுக்கிறோம் என்று எழுதிக்கொடுத்தோம். பார்க்கிறோம் என்றார்கள். பெரம்பலூரில் இருக்கும் என் சித்தி மகளிடம் போனில் அழுதபோது, "எங்களுக்கு ரயிலே கெடையாது, நீ ஒரு ஸ்டாப்புக்கு அழுவுற" என்றாள். அவளிடம் சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

மற்றவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். பைக் இருந்தவர்கள் அரியலூர் போய் ஏறினார்கள். சிலர் வேலையை விட்டார்கள். என் வீட்டுக்காரர் என்னை டி.வி.எஸ். எக்ஸெலில் கொண்டுபோய் விட்டார். எதிர் வீட்டுப் பெண்ணுக்குத்தான் வழி இல்லை. மினி பஸ் ஊருக்குள் வருவதே எட்டு மணிக்கு. வண்டி அரியலூரை விட்டுக் கிளம்புவது ஏழுக்கு முன்னால். தினம் ஆட்டோ என்றால் சம்பளம் அதற்கே சரியாகிவிடும். திருச்சியில் தங்கலாம் என்றால் அம்மாவை யார் பார்ப்பது?

மூன்று பேராக எக்ஸெலில் போய்ப் பார்த்தோம். நான் நடுவில், அவள் கடைசியில். அவள் வலது கால் வண்டியில் நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும். பத்தாம் நாள் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எதிரே வர, என் வீட்டுக்காரர் பிரேக் போட, அவள் பின்னால் விழுந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் எழுந்து உட்கார்ந்து அவள் முதலில் பார்த்தது, எங்களைத் தாண்டிப்போன லாரிச் சக்கரத்தை.

"வேணாம்க்கா. எனக்கு ஒண்ணுன்னா அம்மாவுக்கு ஆளில்ல" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

கடைக்காரர் நல்லவர். தீபாவளி வரைக்கும் உன் மெஷினில் வேறு ஆளை உட்காரவைக்க மாட்டேன், அதற்குள் ஏதாவது வழி பார்த்துக்கொண்டு வா என்று சொல்லியிருந்தார். அவள் வீட்டில் உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களுக்குப் புடவை ஓரம் அடித்துக்கொடுத்தாள். ஒரு தடவைகூட என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் தினமும் அரியலூரில் ஏறுவேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர் வரும். வேப்பமரம், பெஞ்சு, பலகை, எல்லாம் ஒரு நொடியில் ஓடிப்போகும். நான் அந்தப் பக்கம் உட்காரமாட்டேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் வண்டி ஊரை நெருங்கும்போது வேகம் குறைந்தது. குறைந்து குறைந்து எங்கள் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. சிக்னலோ என்னவோ. என் பெட்டி வேப்பமரத்துக்கு நேராக நின்றது. போன் போட்டேன்.

"வண்டி நிக்குது புள்ள! நம்ம ஸ்டேஷன்லயே நிக்குது. கெளம்பி வா!"

"வரேன்க்கா" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் போய் என்ன ஆகிவிடும் என்று கேட்காதீர்கள். கடைக்காரரிடம் முகத்தைக் காட்டலாம். தீபாவளியைப் பொங்கல் ஆக்கச் சொல்லிக் கேட்கலாம். அப்போது எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. கதவில் நின்று பார்த்தேன். ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் மக்காச்சோளக் கொல்லை, ஆள் உயரத்துக்கு நின்றது. இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. வண்டி நின்றுகொண்டேதான் இருந்தது. கும்பிடாத சாமியில்லை. ஏலாக்குறிச்சி மாதாவைக்கூடக் கூப்பிட்டேன்.

கொல்லையைத் தாண்டி அவள் வெளியே வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோளில் கைப்பை, கையில் சாப்பாட்டுக் கூடை. அவளால் முடிந்த வேகத்தில் வந்துகொண்டிருந்தாள். இன்னும் ஒரு கூப்பிடு தூரம் இருந்தது. அப்போது வண்டி ஊதியது.

தலைக்கு மேலே அபாயச் சங்கிலி. கையை வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "வேண்டாம்மா, கேஸாயிடும்" என்றார். அவர் தடுத்துவிட்டார் என்றுதான் இதுவரை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய். அவர் சொல்வதற்கு முன்பே நான் கையை எடுத்துவிட்டேன். அந்த மாதம் இரண்டு தடவை லேட்டாகப் போய் சென்டரில் திட்டு வாங்கியிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு என் வேலைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

வண்டி நகர்ந்தது. நான் பழக்கத்தில் கையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"அக்கா, கைய உள்ள எடுத்துக்குங்க. கம்பம் வரும்." மூச்சு வாங்கியது அவளுக்கு.

நான் அழுதேன். "எதுக்குப் புள்ள இப்படி விழுந்தடிச்சு வந்த, டிக்கெட்கூட இல்லாம" என்று என்னென்னவோ உளறினேன்.

"டிக்கெட் இருக்குதேக்கா. இன்னும் எட்டு நாளு இருக்கு."

"என்ன டிக்கெட்?"

"சீசன்தான். மாசாமாசம் மினி பஸ்ல போயி எடுத்துட்டு வந்துடுவேன். என்னிக்காச்சும் நின்னுச்சுன்னா, டிக்கெட் இல்லாம எப்படிக்கா ஏறுறது?"

கொல்லையெல்லாம் பின்னால் போய், அடுத்த ஊர் வந்துவிட்டது. லைனில் அவள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"இந்தத் தடவ நம்ம ஊரு பேரச் சொல்லித்தான்க்கா கேட்டேன்" என்றாள். "அந்தப் பேருல இப்ப டிக்கெட் வராதுன்னுட்டாங்க. அரியலூர்னே போட்டுக் குடுத்தாங்க."