நான் பூக் கொடுக்கவில்லை

அந்தப் படத்தில் இருக்கிற பெண் நான்தான். ஆனால் படத்துக்குக் கீழே அச்சடித்திருப்பது பொய். வாயால் சொல்ல எனக்கு வராது; நாலு பேர் கூடினால் சொந்தப் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்பு வரை படித்தது அதற்குப் போதும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. ஒரு சித்திரையில் கீழே டவுனிலிருந்து சைக்கிள் சங்கத்துக்காரர்கள் எட்டுப் பேர் மலையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் எப்படி ஏறும்? எங்கள் ஆட்கள்தான் தலையில் தூக்கி வந்தார்கள். அப்பாவும் ஒன்றைத் தூக்கி வந்தார்.

"சைக்கிள் மேல ஆளு வரும்னு பார்த்தா, ஆளு மேல சைக்கிள் வருது" என்றாள் அம்மா.

"சும்மா இரு புள்ள, காதுல உழுந்துரப் போகுது" என்றார் அப்பா.

மேலே சமதரை வந்ததும் அவர்கள் ஏறிக்கொண்டு மணி அடித்தபடி போனார்கள். அப்பா அவர்களுடைய சோற்று மூட்டையோடு பின்னால் ஓடினார்.

அதற்கு முந்தைய மழைக்காலம் எங்களை ஏமாற்றியிருந்தது. மஞ்சளாய்ப் பூக்கிற எண்ணெய்ப் பயிரான உச்செள்ளு முழுக்கக் கருகிவிட்டது. தாளிக்கவும் விளக்கேற்றவும் எங்களுக்கு அந்த எண்ணெய்தான். மிஞ்சியது ஒரு கைப்பிடி விதை. அதை அம்மா மாசியிலேயே ஊற்றடியில் ஒரு பாத்தி போட்டுத் தூவினாள். நானும் அவளும் தினம் குடத்தில் மொண்டு ஊற்றினோம். பூ செடியிலேயே நின்று காய்ந்து, உள்ளே கறுத்தால்தான் ஆடிக்கு விதை. இல்லையென்றால் உழுத காடு சும்மா கிடக்கும். பாத்திக்கு வேலி போடவில்லை. அடுத்தவர் பாத்தியில் கைவைக்கிறவர்கள் எங்கள் பக்கம் இல்லை.

அன்று நான் குடத்தோடு போனபோது எட்டு சைக்கிளும் ஊற்றடியில் சாய்ந்து நின்றன. பாத்திக்குள் அவர்கள் நின்றார்கள். மஞ்சள் பூவைக் கொத்துக் கொத்தாக ஒடித்து ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பாப்பா, உங்க ஊர்ல காட்டுப்பூகூட இவ்வளவு அழகா இருக்கே?" என்றார் ஒருவர். தொப்பி போட்டவர்.

காட்டுப்பூ இல்லை, விதை என்று சொல்ல வாயெடுத்தேன். காற்றுதான் வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையில் இருந்த கொத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அவர் விடாமல் சிரித்தார். இன்னொருவர் கேமராவைத் தூக்கி, "அப்படியே நில்லு பாப்பா, அசையாதே" என்றார். அசையாதே என்றதும் நின்றுவிட்டேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. படம் எடுத்ததும் தொப்பிக்காரர் கொத்தை உருவிக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

அப்பா வந்து சேர்ந்தார். பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனார்.

சாயங்காலம் அம்மா விடவில்லை. "ஏனுங்க, உங்க வாயையும் சேர்த்து அந்த சைக்கிள்ல கட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"ஒடிச்சுப் போட்டதுக்கப்புறம் சொல்லி என்னத்துக்காகுது? பூவு செடியில போயி ஒட்டிக்குமா?"

"மிச்சமாவது நின்னிருக்குமல்லங்க."

மிச்சம் நின்ற செடிகள் காய்ந்தபோது, விதை ஒரு சின்னச் சுரைக்குடுக்கையில் பாதிகூட வரவில்லை.

ஆடி பிறந்து நாலைந்து நாளில், சோளக்காட்டுச் சந்தைக்குப் போன அப்பா ஒரு பத்திரிகையோடு திரும்பினார். சங்கத்தார் மிளகு வியாபாரியிடம் கொடுத்தனுப்பியதாம். பிரித்தால் என் படம். என் கையும் தொப்பிக்காரர் கையும் கொத்தின் மேல். அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. "படி கண்ணு" என்றார் அப்பா. எங்கள் குக்கிராமத்தில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்தி.

'மலைமகள் ஒருத்தி நாணத்துடன் காட்டு மலர்களை அளித்து எங்களை வரவேற்றாள்.'

நாணமாம். எனக்கு வெட்கம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்று தலை குனிந்தது வெட்கத்தில் இல்லை. பேச வராதவளுக்குக் கோபம் வந்தாலும் தலை குனியத்தான் செய்யும். இது படித்தவர்களுக்குத் தெரியாதா? பறித்துக்கொண்டவர்கள், நான் கொடுத்ததாக எழுதினார்கள். கேட்டு எழுதினார்களா?

"நீயா குடுத்த?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லீம்மா."

"அப்ப அத எழுது சாமி, அங்கயே."

கரித்துண்டை எடுத்து, படத்துக்குக் கீழே பெரிதாக எழுதினேன்: 'நான் கொடுக்கவில்லை. அது எங்கள் விதை.'

அப்பா அதை அப்படியே சோற்றுப் பசை தடவிச் சுவரில் ஒட்டினார். வந்தவர்கள் எல்லாம் படத்தைப் பார்த்து, "பரவால்ல, புள்ள பேப்பர்ல வந்துருச்சு" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். கீழே இருந்ததை யாரும் படிக்கவில்லை. படிக்க ஆள் இல்லை.

அந்த ஆடியில் மேல்காட்டை மட்டும் விதைத்தோம். கீழ்க்காட்டுக்கு விதை எட்டவில்லை.