அம்மா தெருத் தண்ணீர்

எங்கள் பருத்திப்பட்டு அபார்ட்மெண்டில் போர்வெல் வற்றிப் பத்து நாளாகிறது. ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

இன்று காலை ஒருவழியாகத் தண்ணீர் லாரி வந்தது.

"எங்கேருந்துண்ணா எடுத்துட்டு வரீங்க?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"திருநின்றவூரும்மா. ஸ்டேஷன் பின்னாடி ஒரு தோட்டத்துக் கெணறு கீது."

அந்தத் தோட்டத்துக்கு எதிர்வீட்டில்தான் என் அம்மா இருக்கிறார்.

"அங்க வத்திடாதா?"

"வத்தாம இன்னா? நீங்க ஊடு ஊடா கட்டிக்கினே போறீங்க, கெணறு அதே ஒண்ணுதானே? அதுக்காக, கொழந்த குட்டியோட கீறவங்களுக்கு இல்லன்னா சொல்ல முடியும்?"

பாவம், அவர் முகத்திலும் தூக்கமில்லாத களைப்பு.

பத்து நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். அம்மாவிடமிருந்து போன்.

"மோட்டார் வெறும் காத்தா இழுக்குதும்மா. எதிர்க்கெணத்துல லாரிக்காரங்க வழிச்சி எடுத்துட்டாங்க. உங்க அபார்ட்மெண்ட்ல தண்ணி இருந்தா, சாயந்திரம் வரும்போது ரெண்டு கேன் புடிச்சிக்கினு வரியா?"

"சரிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு கேனும் நிரம்பி வாசலில் நிற்கின்றன. லாரியில் வந்த தண்ணீர், சாயந்திரம் ஆவடியில் ரயிலேறி வீடு திரும்புகிறது.

குடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம தெருத் தண்ணி மாதிரியே கீதே" என்று அம்மா சொன்னால் நான் என்ன சொல்ல? யாராவது சொல்லுங்கள்.