மலை விளக்கும் ஒரு விரால் மீனும்

என் மனைவி விரால் மீன் குழம்பு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது, கேட்கவே கூடாத நேரத்தில். அண்ணாமலையார் கோயில் தீபம் முடிந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மலை உச்சியில் கொப்பரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமியார் வீடு அடி அண்ணாமலையில். கோயிலில் கொடி ஏறிய நாளிலிருந்து மலை விளக்கு அணைகிற வரைக்கும் அந்தத் தெருவில் கவுச்சி கிடையாது. குப்பைமேட்டில் ஒரு முட்டை ஓட்டைக்கூடப் பார்க்க முடியாது.

போதாக்குறைக்கு, மனைவியின் தம்பி, என் மச்சான், அந்த வருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். மாலை போட்டவனை வாடா போடா என்று பேசக் கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். போன மாதம் வரை என்னிடம் பீடி வாங்கிக் குடித்தவனை வாய்க்கு வாய் சாமி, சாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் என் தலையெழுத்து.

இது எழுபதுகளின் கடைசியில். நான் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மில்லில் வேலையாக இருந்தேன். மனைவிக்கு மூன்றாம் மாதம். அதற்கு முந்தைய வருஷம் எங்களுக்கு உண்டான பிள்ளை இதே மூன்றாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. அதனால் இந்தத் தடவை தாய்வீட்டில் விட்டிருந்தோம். அங்கேயும் அவள் உடம்பு தேறவில்லை என்று நானும் மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். கஞ்சி குடித்தால் வாந்தி, ரசம் சாதம் சாப்பிட்டால் வாந்தி, தண்ணீர்கூடச் சில நேரம் நிற்கவில்லை. வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கின. டவுன் டாக்டரம்மா, "எது உள்ள போவுதோ அதக் குடுங்க, இப்டியே உட்டா தாங்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எது தாங்காது என்று அவர் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

அப்படி இருக்கும்போதுதான், "ஏங்க, வெரால் மீன் கொழம்பு ஒரு வாய் இருந்தா உள்ள நிக்கும்னு தோணுதுங்க" என்றாள்.

அடுப்படியிலிருந்து அத்தையின், அதாவது என் மாமியாரின், குரல் வந்தது. "வாயக் கழுவுடி! மேல வெளக்கு எரியுது, ஊட்டுல சாமி மாலையோட நிக்கிது. இப்பப் போயி கேக்கற பேச்சா இது?"

அத்தை கெட்டவள் இல்லை. மகள் வயிற்றுப் பிள்ளைக்காகத்தான் அந்த அம்மாள் ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தாள், காலில் செருப்பில்லாமல் மலையைச் சுற்றி வந்தாள். இந்த நேரத்தில் கவுச்சி பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று அவளுக்குப் பயம். சாப்பிடாமல் கிடந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று எனக்குப் பயம். இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகத்தான் முறைத்துக்கொண்டு நின்றோம்.

எனக்குத் தூண்டில் போடத் தெரியும். சின்ன வயதிலிருந்தே எங்கள் ஊர் ஏரியில் ராத்திரி விரால் பிடித்துப் பழக்கம். பகலில் போனால் ஊரே பார்க்கும். அதனால் இருட்டிய பிறகு மூங்கில் கழி, நரம்பு, முள், மீனைப் போட ஒரு தண்ணீர்ப் பானை, இரைக்கு வயல் வரப்பில் பிடித்த நாலைந்து சின்னத் தவளைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாக நழுவினேன். வேலியோரம் கறுப்பு வேட்டியோடு ஒரு உருவம் நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது.

"மாமா, நானும் வரேன்" என்றான் மச்சான்.

"சாமி, நீ மாலை போட்டிருக்கியே!"

"நான் மீனத் தொடமாட்டேன். பானைய மட்டும் தூக்கினு வரேன். பானையில தண்ணிதான இருக்கு?"

"திரும்பி வரும்போது?"

கொஞ்சம் யோசித்தான். "அப்பவும் தண்ணி இருக்கும் இல்ல?" என்றான். அக்கா மேல் அவனுக்கு உயிர். பானையை அவன் கையில் கொடுத்தேன்.

அன்றைக்குத்தான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். எங்கள் பக்கத்து ஆளைத் தவிர வேறு எவனும் செய்யமாட்டான். அடி அண்ணாமலை ஏரிக்கரைமேல் ஏறியதும் எதிரே மலை, உச்சியில் விளக்கு. அதைப் பார்த்துக்கொண்டே முள்ளில் தவளையைக் குத்த எனக்குக் கை வரவில்லை. மச்சான் அதற்குள் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். சரி என்று பனைமரங்கள் அடர்ந்து மலையை மறைக்கிற இடமாகப் பார்த்து, மதகுப் பக்கம் போய் உட்கார்ந்தோம். அங்கே தண்ணீர் ஆழம். விரால் ராத்திரியில் புல் முளைத்த மேட்டுத் தண்ணீருக்குத்தான் இரை தேடி வரும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் விடிய விடிய அந்த மதகடியில் கொசுக்கடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தவளைகள் சுகமாக நீந்தின. மச்சான் மூச்சுக்கு மூச்சு சரணம் சொன்னான். மீன் ஒன்றுகூட வரவில்லை.

மறுநாள் மனைவி எழுந்து நடக்கவே சுவரைப் பிடித்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாப் பயமும் போய்க் கோபம்தான் வந்தது, என் மேலேயே.

அன்று ராத்திரி நேராக எதிர்க்கரைக்குப் போனேன். கோரைப்புல் மண்டிய மேட்டுத் தண்ணீர், முழங்கால் ஆழம்கூட இல்லை. மலை முகத்துக்கு நேரே நின்றது.

"மாமா, அவரு பாக்கறாரு மாமா" என்றான் மச்சான் மெதுவாக.

"பாக்கட்டும் சாமி. அவரு ஊட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்க இல்ல? நீ வேணும்னா திரும்பி உக்காந்துக்கோ."

அவன் மலைக்கும் எனக்கும் நடுவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தான். நான் தவளையின் முதுகுத் தோலில் முள்ளை லேசாகக் கோத்து, புல்லோரம் விட்டேன். காற்றே இல்லை. நிலாவை மேகம் மூடியிருந்ததால் கண்ணுக்கெட்டிய வரை இருட்டு. டார்ச் அடித்தால் யாராவது வந்துவிடுவார்கள். நரம்பும் தெரியவில்லை, தவளையும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மலைமேல் எரிகிற விளக்கு, எனக்குக் கொஞ்ச தூரத்தில், தண்ணீரில் ஒரு குங்குமப் பொட்டு மாதிரி விழுந்திருந்தது. தவளையை அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தவளை உதைத்தால் பொட்டு லேசாக நடுங்கும், அப்புறம் ஓய்ந்துவிடும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று பொட்டு இரண்டாகி, நாலாகி, சிதறிப் போனது. அப்புறம்தான் 'தொபுக்' என்ற சத்தம். விராலை உடனே இழுக்கக் கூடாது, விழுங்க விட வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இழு மாமா, இழு!" என்று சாமி விரதத்தை மறந்து குதித்தார்.

"கம்முனு இரு சாமி!"

நரம்பு விறைத்ததும் ஒரே இழுப்பு. முழங்கை நீளத்துக்குக் கறுகறுவென்று ஒரு விரால் புல்லில் வந்து விழுந்து துள்ளியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம், அழுதுவிட்டேன். மச்சான் பானையை நீட்டினான், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

கொல்லைக் கதவைத் திறந்தால் அத்தை நிற்கிறாள். கையில் சிம்னி விளக்கு. பானைக்குள் மீன் மடார் மடார் என்று அடித்துக்கொண்டிருந்தது. மறைக்க முடியுமா? அத்தை என்னைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், பானைக்குள் குனிந்து பார்த்தாள். உள்ளேயிருந்து என் மனைவி வெறும் வயிற்றோடு ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. அத்தை மலைப் பக்கம் திரும்பினாள்.

பிறகு என்னிடம் பேசாமல் மலையிடம் பேசினாள். "தீபத்தன்னிக்குப் பொண்டாட்டிய ஒடம்புல பாதியா வெச்சிக்கினு ஊரு பாக்க வெளிய வந்து ஆடினவரு நீ. புள்ளத்தாச்சி வாயி ஒனக்குத் தெரியாதா இன்னா?"

அவ்வளவுதான். அடுப்படிக்குள் கொண்டுபோகவில்லை. கொல்லையில் மூன்று கல்லை வைத்து, ஒரு புதுச் சட்டியில் அவளே குழம்பு வைத்தாள். பொழுது விடிவதற்குள் தெருவுக்கு வாசனை போய்விடப் போகிறதே என்று வைக்கோலைப் புகைய வைத்தாள். சாமி கிணற்றடியில் தூரமாக உட்கார்ந்து, "மோந்து பாக்கறதுல தப்பு இல்லியேம்மா?" என்றது.

என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முதல் வாய் சாப்பிட்டாள். மூன்று பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது. நின்றது. இன்னொரு வாய். அப்புறம் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்றாள். அத்தை முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே போட்டாள்.

அன்று சாயங்காலமும் தினம் ஏற்றுகிற மாதிரி மலையில் விளக்கை ஏற்றினார்கள். தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து கும்பிட்டார்கள். நாங்களும் நின்றோம். அத்தை தலைக்குக் குளித்து, விபூதி பூசி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணைத் திறக்காமலே, பக்கத்தில் நின்ற என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"மாப்ள, இன்னிக்கித் தவள புடிச்சாச்சிங்களா?"